லோடு இல்லாத மாப்பிள்ளை

பக்கவாதம் வந்தால் கை போகும், கால் போகும், பேச்சு போகும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு முதலில் போனது வேலை. கையும் பேச்சும் பாதிதான் போயிருந்தன. மிச்சப் பாதியால் செய்யக்கூடிய வேலையை என் மாமனார் வீட்டார் முழுசாகப் பிடுங்கிக்கொண்டார்கள், மிகுந்த மரியாதையோடு.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கோயமுத்தூர் கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தேன். எரிந்துபோன மோட்டார்கள் வரும். கருகிய தாமிரக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றி, மோட்டாருக்குள் வெட்டியிருக்கும் பள்ளமான காடிக்குள் இறக்க வேண்டும். கம்பி சரியாக உட்கார்ந்ததா என்பதைக் கண் சொல்லாது, வலது கைக் கட்டைவிரல்தான் சொல்லும். அப்படிப்பட்ட கையிலிருந்து ஒரு மாசி மாதக் காலையில் டீ கிளாஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். கை வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து, "ஏனுங்க, என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டார். பதில் தலைக்குள் தெளிவாக இருந்தது. வாய்க்கு வந்து சேரவில்லை.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். எங்கள் வாடகை வீடு மாடியில். படி ஏற முடியாது என்பதால் அன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் மனைவியின் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். நான் செத்துப் பிழைத்ததைவிடப் பெரிய கண்டம் அங்கேதான் காத்திருந்தது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்பது ஒரு உத்தியோகம். சம்பளம் கிடையாது, வேலையும் கிடையாது, ஓய்வு பெறவும் முடியாது. குடித்த டம்ளரை நகர்த்தி வைக்கக் கையை நீட்டினால் நாலு பேர் பாய்ந்து வருவார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக நோம்பி பண்டிகைக்கு ஒருநாள், விசேஷத்துக்கு ஒருநாள் என்று போய் வந்ததால் இந்த ராஜ வாழ்க்கையைத் தாங்க முடிந்தது. என் மாமியார் அந்தப் பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூட எனக்கு நேரே நின்று பேசியதில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, "மாப்பிள்ளைக்கு இன்னொரு இட்லி வேணுமான்னு கேளு அம்மணி" என்று மகளிடம் சொல்வார். நான் மகளிடம் பதில் சொல்வேன். கேள்வியும் பதிலும் மூன்று பேருக்கும் நன்றாகக் காதில் விழும்.

இப்போது எனக்குப் பேச்சும் இல்லையா, கேள்வி கேட்கிற சிரமமும் அவருக்கு மிச்சமாயிற்று. இன்னொரு இட்லி தானாகவே வந்தது. மச்சினன் ஊட்டிவிட்டான். அவன் என் மனைவியின் தம்பி, தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன், தங்கமான பையன். நான் வலது கையை லேசாகத் தூக்கினால், "மாமா, நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க? நானிருக்கறனுங்களே" என்று அந்தக் கையைப் பிடித்துத் தலையணைமேல் திரும்ப வைத்துவிடுவான். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி என் கையைத் தூங்க வைத்தான்.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தினமும் ஒரு கூட்டம் ஹார்லிக்ஸோடு வந்து என் கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசும். என்னோடு பேசாது. "சாப்பிடறாருங்களா?" "சாப்பிடறாருங்க." "ஆளைத் தெரியுதுங்களா?" "தெரியுமாட்ட இருக்குதுங்க." ஆளை நன்றாகவே தெரிந்தது. இன்னாருடைய மோட்டார், எத்தனை குதிரைத்திறன், எந்த வருஷம் எதனால் எரிந்தது என்பதுவரை தெரிந்தது. ஒருவர் இதே நோயில் போய்ச்சேர்ந்த தன் பங்காளியின் கடைசி நாட்களை எனக்கு ஆறுதலாக விவரித்துவிட்டு, காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிக் கிளம்பினார்.

கோயமுத்தூர் டாக்டர் எங்களைப் பெங்களூருக்கு அனுப்பி ஒரு படம் எடுத்துவரச் சொன்னார். ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றி, மூளைக்குள் எங்கெங்கே எவ்வளவு ரத்தம் போகிறது என்று பார்க்கிற படம். அப்போது அது புதுசு. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக என் மண்டை பொங்கல் கோலம் மாதிரி இருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மச்சினனிடம் விளக்கினார்.

"அடைப்பு வந்தது இந்த ஒரு எடந்தானுங்க. புளியங்கொட்டை அளவு. அது போனது போனதுதான். ஆனா அதுக்கு மேல இந்தப் பக்கமும், பின்னால சிறுமூளையில வலது பக்கமும் ரத்தம் கம்மியா இருக்குது, பாருங்க. அங்க கொழாயெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. அடிபட்ட எடத்துலருந்து அதுகளுக்குப் போக வேண்டிய தகவல் நின்னுபோச்சு. தகவல் இல்லாததுனால அதுக சும்மா கெடக்குது. சும்மா கெடக்கற எடத்துக்கு ரத்தம் கம்மியாத்தான் போகும்."

"ரத்தம் கம்மிங்களா டாக்டர்?" என்றான் மச்சினன்.

"ஆமாங்க, அந்த எடத்துல கம்மி. கைக்கும் வாய்க்கும் வேலை குடுங்க. வேலை நடக்க ஆரம்பிச்சா…"

அதற்குள் போன் அடித்தது. டாக்டர் போனில் பேசி முடிப்பதற்குள் மச்சினன் படத்தை உறைக்குள் போட்டுவிட்டு என்னை எழுப்பிவிட்டான். அவனுக்குத் தேவையான இரண்டு வார்த்தை கிடைத்துவிட்டது. ரத்தம் கம்மி.

எனக்குக் கிடைத்தது வேறு. டாக்டர் சொன்னது என் பிழைப்பு. ஓடுகிற மோட்டாருக்கு ஆம்பியர் மீட்டர் வைத்துப் பார்த்தால், முள் கீழே கிடப்பது மின்சாரம் வராததால் அல்ல. கம்பம் நன்றாக இருக்கிறது, கம்பியும் நன்றாக இருக்கிறது, வருகிற மின்சாரமும் சரியாக வருகிறது. மோட்டாருக்கு இழுக்க வேலை இல்லை, லோடு இல்லை, அதனால் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. லோடு கொடுத்தால் முள் தானாக ஏறும். என் மூளையிலும் அதுதான் கதை. அந்தக் குடும்பத்தில் இதை நறுக்கென்று விளக்கக்கூடிய ஒரே ஆள் நான். அந்தக் குடும்பத்தில் பேச முடியாத ஒரே ஆளும் நான்தான். கடவுளுக்கு இந்த மாதிரி வேடிக்கையெல்லாம் ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது.

விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் இடது கையால் பென்சில் கேட்டு வாங்கினேன். மச்சினன் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தான். ஒரு வட்டம் போட்டேன். உள்ளே ஒரு முள்ளைக் கீழே சாய்த்துப் போட்டேன். அதைக் காட்டி என் தலையையும் காட்டினேன்.

"மணி கேக்கறாருங்க" என்றார் மாமனார். "மணி ரெண்டாச்சுங்க மாப்பிள்ளை."

தலையாட்டி மறுத்தேன். வட்டத்தை இன்னும் அழுத்திப் போட்டேன்.

"மாத்திரை நேரத்தச் சொல்றாரு" என்றான் மச்சினன். மாத்திரை வந்தது. முழுங்கினேன். மறுபடியும் வட்டத்தைத் தட்டிக் காட்டினேன். பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது மாதுளம்பழமுங்க. காம்பு போட்டிருக்காரு பாருங்க. ரத்தம் ஊறுமில்லீங்களா, அதைய அவரே கேக்கறாரு" என்று தீர்ப்பு சொன்னார். எல்லாரும் என் அறிவை மெச்சினார்கள். மறுநாள் ஒரு கூடை மாதுளம்பழம் வந்து இறங்கியது.

அதோடு ரத்தம் ஏற்றும் திருவிழா ஆரம்பமாயிற்று. காலையில் பீட்ரூட் சாறு. பதினோரு மணிக்கு மாதுளை. மத்தியானம் ஆட்டு ஈரல், ஞாயிற்றுக்கிழமையானால் ரத்தப் பொரியல். சாயங்காலம் முருங்கைக்கீரைச் சாறு. யாரோ புறா ரத்தம் நல்லது என்று சொல்ல, ஒரு வாரத்துக்குத் தோட்டத்துப் புறாக்கள் என்னைக் கண்டாலே பறந்தன. இத்தனையும் உடம்பில் ஊறினால் போதுமா, தலைக்கு ஏற வேண்டாமா? மச்சினன் என் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டிரண்டு செங்கல்லை அடியில் கொடுத்தான். தலை கீழே, கால் மேலே. வாய்க்காலில் தண்ணீர் பாய வாட்டம் பார்த்துப் பழகியவன், என்னையும் வாட்டம் பார்த்துப் படுக்க வைத்தான். எனக்கு இந்த நோய் வந்ததே ரத்தக் கொதிப்பால் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

நாலு கிலோ ஏறினேன். கை மட்டும் அப்படியே கிடந்தது.

சித்திரையில் ஒருநாள், பெரியவர்கள் கூடிப் பட்டறையைப் பற்றிப் பேசினார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, எனக்குத் தொந்தரவில்லாமல் மெதுவான குரலில். "இனிமேல் அவரைப் போயி கஷ்டப்படுத்தறதுங்களா? ராசாவாட்டம் இங்கயே இருக்கட்டுமுங்க. பட்டறையக் காலி பண்ணிப் போடலாம்." எப்போது என்று பேச்சு வந்தது. வைகாசியில் சொந்தத்தில் கல்யாணம், ஆனியில் இன்னொன்று, ஆடியில் எதையும் செய்யக் கூடாது. ஆவணி பிறந்ததும் காலி செய்வது என்று முடிவாயிற்று. ஆவணிக்குள் இந்தக் கட்டைவிரல் எழுந்திருக்காவிட்டால் நான் ஆயுசுக்கும் மாப்பிள்ளை. அதற்குச் செத்தே போயிருக்கலாம் என்று நிஜமாகவே நினைத்தேன்.

அந்த வாரம்தான் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் குறைந்தது. மத்தியானம், வீட்டில் எல்லாரும் கண் அசந்திருந்த நேரம். மோட்டார் ரூமிலிருந்து வந்த சத்தம் எனக்கு மாறிக் கேட்டது. கம்பைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்துக்கொண்டு அங்கே போனேன். பின்னாலேயே மனைவி ஓடிவந்தாள்.

"ஏனுங்க, எங்க போறீங்க? விழுந்து போடுவீங்க!"

ஸ்டார்ட்டர் பெட்டிமேல் ஆம்பியர் மீட்டர். முள் விழுந்து கீழே கிடந்தது. நான் அதைக் காட்டினேன். அவள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். "ஆமாங்க, தண்ணி இல்லைங்க. மோட்டார் சும்மா ஓடுது" என்று சொல்லி சுவிட்சை அணைத்தாள். நான் மீட்டர் கண்ணாடியைத் தட்டினேன். பிறகு என் தலையைத் தட்டினேன். மறுபடி கண்ணாடி, மறுபடி தலை.

அவள் மீட்டரையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அன்னிக்கு வரஞ்சது இதைத்தானுங்களா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"சும்மா இருக்குதுன்னு டாக்டர் சொன்னாருன்னு தம்பி பேச்சுவாக்குல சொன்னானே… கொழாய் நல்லாருக்குது, அது சும்மா இருக்குதுன்னு…" அவள் சொல்லிக்கொண்டே வந்து நின்றாள். "அப்ப நாங்க, கரண்டு வரலைன்னு ஈ.பி. ஆபீசுக்குப் போயி சண்டை போட்டுட்டு இருக்கறமுங்களா?"

நான் சிரித்தேன். நோய் வந்தபிறகு முதல் சிரிப்பு, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது. அவள் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு மாதமாகத் தின்னக் கொடுத்தே என்னைக் கெடுத்துவிட்டோம் என்று புலம்பினாள். அழுது முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பயம் வந்தது. அவள் அப்படித் துடைத்துக்கொண்டால் யாருக்கோ ஆகாத காலம் என்பது பதினாறு வருஷ அனுபவம்.

அந்த யாரோ நான்தான். மறுநாளிலிருந்து செங்கல் போயிற்று, ஈரல் போயிற்று. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, "இது என்னங்க?" என்பாள். நான் சொல்லாமல் தரமாட்டாள். "கா" என்று ஆரம்பித்து "பி"க்குப் போய்ச் சேர்வதற்குள் அது பச்சைத் தண்ணீராகிவிடும். எத்தனை ஆறிய காப்பி குடித்தேன் என்பது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். மத்தியானத்தில் கதவைத் தாழ் போட்டுவிட்டு, என் இடது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, முன்னால் ஒரு முறம் கடலைக்காயைக் கொட்டுவாள். விதைக்கு வைத்திருந்த கடலைக்காய். விதைக்கடலையை மிஷினில் போட மாட்டார்கள், கையால்தான் உரிப்பார்கள். பருப்பு உடைந்தாலும் மேல்தோல் கிழிந்தாலும் முளைக்காது.

முதல் நாள் ஒரே ஒரு காயை உரிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கட்டைவிரல் எங்கோ அடுத்த ஊரில் இருப்பதுபோலிருந்தது. நான் இங்கிருந்து சொல்கிறேன், அங்கே யாரும் கேட்பதாக இல்லை. ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைக் குப்புறப் போட்டு இரண்டு நாளில் கட்டி முடித்தவன், ஒரு கடலைக்காய் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவள் அடுத்த காயை எடுத்து வைத்தாள். அந்த நிமிஷம் அவளை வெறுத்தேன். எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்தாவது நாள் இருபது காய், ஒரு மாதத்தில் அரை முறம். எல்லாமே உடைந்த பருப்பு. உடைந்ததை வீணாக்குவார்களா? வீட்டில் காலையும் மாலையும் கடலைச் சட்னி ஓடியது. இட்லிக்குக் கடலைச் சட்னி, தோசைக்குக் கடலைச் சட்னி, களிக்கும் கடலைச் சட்னி. "ஏம் புள்ளே, வேற ஒண்ணும் அரைக்க மாட்டயா?" என்று மாமனார் மகளிடம் கேட்டார். என் கை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்கு அந்தச் சட்னிதான் சாட்சி. பெங்களூர் படத்தைவிடத் துல்லியமாக இருந்தது.

ஆனி கடைசியில் தாழ் சரியாக விழாமல் கதவு திறந்துகொண்டது. ரசம் ஊற்றிவைத்த சொம்போடு வெளியே நின்றிருந்தார் மாமியார். உள்ளே, வீட்டு மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்திருக்கிறான். கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. கூலிக்கு வரும் பெண்கள் செய்கிற வேலையைச் செய்துகொண்டிருக்கிறான். சொம்பு கீழே விழுந்தது.

"அட சண்டாளி! மாப்பிள்ளையக் கட்டிப் போட்டு வேலை வாங்கறயா? ஊரு பாத்தா என்ன பேசுமுன்னு நெனச்சுப் பாத்தயா அம்மணி?"

"ஊரா வந்து இவருக்குக் காயில் கட்டிக் குடுக்கப்போகுது?" என்றாள் மனைவி. "உங்க மரியாதைதாம்மா இவரை மொடக்கிப் போட்டுருச்சு. மூளையில அந்த எடமெல்லாம் நல்லாத்தான் இருக்குதாமா. வேலையில்லாம தூங்குதாமா. நம்ம மோட்டார் தண்ணியில்லாம ஓடுனா ஆம்பியர் எறங்குமில்ல, அந்த மாதிரி. நீங்க பீட்ரூட்ட ஊத்தி ஊத்தி அதை எழுப்பப் பாக்கறீங்க."

சிந்திய ரசத்தை மாமியார் துடைத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு ஒரு வாரம் மகளோடு பேசவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மத்தியானமும் எங்கள் அறை வாசலில் ஒரு முறம் கடலைக்காய் இருந்தது. யார் வைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆடியில் ஒரு நல்ல மழை பெய்தது. விதைப்புக்கு ஊரே ஓடியது. கடலை உரிக்க ஆள் கிடைக்கவில்லை, எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாள் அவசரம். மச்சினன் ஏர் பூட்ட ஆள் தேடிப் போயிருந்தான். நான் வெளியே கம்பில்லாமல் நடந்து பழகிக்கொண்டிருந்தேன். மாமியார் சமையலறையிலிருந்து வந்தார். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. நேராக வந்து, எனக்கு எதிரில் நின்றார். பதினாறு வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. கையிலிருந்த சின்ன மூட்டையைத் தரையில் இறக்கினார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு வெதைக்கோணுமுங்க. ஆளில்லை. இதைய உரிச்சுப் போடுங்க."

நான் நாற்காலியைத் தேடினேன். அவர் போகாமல் நின்றார்.

"பருப்பு ஒடையக் கூடாதுங்க. ஒடஞ்சா மொளைக்காது, பாத்துக்குங்க" என்றார். பிறகு மூட்டையைப் பார்த்துக்கொண்டு, "ஆவணி பொறந்தா நீங்க பட்டறைக்குப் போயிருவீங்க. அப்பறம் எனக்கு ஆரு உரிச்சுக் குடுப்பா?" என்றார்.

"சரிங்… க, அத்தை" என்றேன். இரண்டு துண்டாக வந்தது, ஆனாலும் முழுசாக வந்து சேர்ந்தது. அவருக்குத்தான் நேரே சொன்னேன், நடுவில் மகள் இல்லை.

பிறகு எத்தனையோ மோட்டார் கட்டினேன். சின்ன மோட்டாரின் மெல்லிய கம்பி மட்டும் கடைசிவரை கைக்கு வசப்படவில்லை. புளியங்கொட்டை அளவு போனது போனதுதான் என்று டாக்டர் சொன்னது அந்தளவில் சரி. தூங்கின மற்ற இடங்களுக்கு ரத்தம் திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது படம் நாங்கள் எடுக்கவில்லை.

அன்று பகல் முழுக்க உரித்தேன். இடது கையைக் கட்ட ஆளில்லை, மனைவியும் தோட்டத்துக்குப் போயிருந்தாள், நானே அதைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பொழுது சாய மாமியார் வந்து முறத்தைப் புடைத்து, பருப்பைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, விதைக் கூடையில் கொட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி.